அமளிதுமளிக்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள்

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே ஆங்கில ஆசிரியையாக வேலை கிடைத்தது. அதனால் இன்னும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருக்கிறேன், அக்காவோடு. அக்கா கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய கணவர், எனக்கு மச்சான், கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். காலையில் நானும் அக்காவும் ஒன்றாகவே எங்கள் அறையான காம்பராவைப் பூட்டிக்கொண்டு இறங்குவோம். பாதை வளைகிற முடக்கில் அவள் மலைக்கு ஏறுவாள், நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவேன்.

அந்த வருடம் ஆங்கில தினப் போட்டிக்கு எட்டாம் தரப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தச் சொல்லியிருந்தார் அதிபர். டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டும் நாடகமுமாக வருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றாலே வாய் திறக்கக் கூச்சம். கூச்சம் போக வேண்டுமானால் வாய்க்கு ருசியான சொற்கள் வேண்டும் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்தைச் சொல்வதற்கென்றே விளையாட்டான சில சொற்கள் இருக்கின்றன. ஹர்லி பர்லி, ஹெல்டர் ஸ்கெல்டர், ஹல்லபலூ. சொல்லிப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். ஹர்லி என்பதற்குச் சண்டை சச்சரவைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லோடு சம்பந்தம் இருக்கிறதாம். பர்லிக்கு அங்கே சொந்தமாக ஒரு வேலையும் இல்லை. ஓசைக்காக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நம்முடைய அமளிதுமளி மாதிரி. துமளியை மட்டும் தனியாக யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. ஹெல்டர் ஸ்கெல்டரில் பின்பாதிக்கு விரைந்து ஓடுவது என்று ஒரு பழைய பொருள் இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை, பல கால்கள் தறிகெட்டு ஓடும்போது எழும் சத்தம்தான் அந்தச் சொல் என்கிறார்கள் வேறு சிலர்.

ஹல்லபலூவின் பிறப்பு யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. முன்பாதி தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல் என்றும், பின்பாதி ஸ்கொட்லாந்தில் தாய்மார் பிள்ளையைத் தூங்கவைக்கச் சொல்லும் 'பலூ' என்றும் ஒரு கருத்து உண்டு. நம் ஆராரோ மாதிரி. எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப்பெயரை வைத்துவிட்டுப் போன துரைமாரில் பல பேருடைய தேசம் அதுதான். ஊரே அலறுகிற அலறலுக்குள் ஒரு தாலாட்டு எப்படி வந்து உட்கார்ந்தது என்று நினைத்துக்கொண்டே அன்று படுத்தேன்.

மறுநாள் காலை, நல்ல வெயில். சில நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில் என்பதால் மலையெல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தது. சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். தமிழில் இப்படி என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். அமளிதுமளி என்றார்கள், குய்யோ முறையோ என்றார்கள். முன் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை எழும்பி, "அல்லோலகல்லோலம், டீச்சர்" என்றாள். கெட்டிக்காரி. கல்லோலம் என்றால் பெரிய அலை என்று சொன்னேன். அந்த வகுப்பில் கடலைப் பார்த்த பிள்ளைகள் குறைவு. ஆனாலும் தலையாட்டினார்கள்.

பிறகு எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லச் சொன்னேன். ஹர்லி பர்லி! ஹெல்டர் ஸ்கெல்டர்! தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பிக்கும் சேர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் மேசையில் தட்டத் தொடங்கினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் இருந்தது.

முதலில் எங்கள் கூச்சல் மலையில் பட்டுத் திரும்புகிறது என்றுதான் நினைத்தேன். கையைத் தூக்கி வகுப்பை நிறுத்தினேன். பிள்ளைகள் நிறுத்தினார்கள், மேலேயிருந்து வந்த சத்தம் நிற்கவில்லை.

மலையில் வளர்ந்தவர்களுக்கு மலைச் சத்தம் தெரியும். கொழுந்து நிறுக்கக் கூப்பிடுவது ஒரு மாதிரி, இந்த மலைக்கும் அந்த மலைக்கும் கேலி பேசுவது ஒரு மாதிரி. சண்டை என்றால் கெட்ட வார்த்தையாவது காதில் விழும். இதில் வார்த்தையே இல்லை. பல பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சு விடாமல் அலறுகிற சத்தம். அது ஓரிடத்தில் நிற்காமல் மலைச்சரிவில் இங்கும் அங்குமாக நகர்ந்துகொண்டிருந்தது. காலையில் முடக்கில் பிரியும்போது, இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மேலேதான் வேலை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அல்லோலகல்லோலம் சொன்ன பிள்ளை அரைச்சுவரில் ஏறி வலைக்கம்பி வழியாகப் பார்த்தாள்.

"டீச்சர், குளவி! குளவி கலைஞ்சிருச்சு!"

நானும் பார்த்தேன். கூடைகள் அங்கங்கே உருண்டு கிடந்தன. தேயிலைக்குள் ஓட முடியாது. வெளியாட்களுக்கு அது பச்சைக் கம்பளம் மாதிரித் தெரியும். உள்ளே இடுப்பளவுக்கு முள்வேலி போலப் பின்னிக்கிடக்கும் கவாத்துக் கம்புகள், நடுநடுவே மழைத்தண்ணி ஓடும் கான்கள். அதைக் கிழித்துக்கொண்டு பெண்கள் இறங்க முயன்றார்கள். விழுந்தார்கள், எழும்பினார்கள், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் சுழற்றினார்கள். அவர்களுக்கு மேலே கறுப்பாகப் புகை போல ஒன்று விரிந்து சுருங்கியது. அந்தப் பெண்களில் எது அக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை வாசலை நோக்கிப் பாய்ந்தாள். அவளுடைய அம்மாவும் அதே மலையில். ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்க டீச்சர்! எங்கம்மா டீச்சர்!"

"எங்க அக்காவும் அங்கதாம்மா இருக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இழுப்பதை நிறுத்தினாள். பாதி வகுப்புக்கு அதே கதைதான். அம்மா, சித்தி, பெரியம்மா என்று எல்லோருக்கும் யாரோ ஒருவர் மேலே இருந்தார்கள். ஓட விட்டால் அத்தனை பேரும் ஓடியிருப்பார்கள்.

எங்கள் வகுப்பறைக்குச் சுவர் பாதிதான். மேல்பாதி வலைக்கம்பி, அதிலும் ஓட்டைகள். கண்ணாடி ஜன்னல் உள்ள ஒரே அறை கம்ப்யூட்டர் அறை. கணக்கு சேரும் நானும் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். மற்ற ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளை அதிபரின் அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவின் அடியில் இருந்த இடைவெளியை என் சால்வையால் அடைத்தேன். "ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது. சத்தம் கேட்டா இங்கயும் வந்துரும்" என்று சேர் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தனை பிள்ளைகள், ஒரு சொல் இல்லை. வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்கள். மேலே அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் குறைந்தது. ஒவ்வொரு குரலாக நின்றது. அலறுகிறவரைக்கும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது போலும். குரல் நின்றால் தப்பித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரியா?

கண்ணாடியில் ஏதோ 'டொக்' என்று மோதியது. பிறகு இன்னொன்று. பெரிய குளவிகள். ஊர்ந்து ஊர்ந்து ஓட்டை தேடின. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு பிள்ளை அப்படியே உடுப்பை நனைத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அல்லோலகல்லோலப் பிள்ளை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். நான் அவளை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், கைப்பிள்ளையை ஆட்டுகிற மாதிரி. அது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் போனதென்று சொல்ல முடியாது. சாக்கை எரித்த புகை வாசம் வந்தது. தோட்டத்து ஆட்கள் தீப்பந்தத்தோடு ஏறியிருந்தார்கள். லொறி உறுமிக்கொண்டு மேலே போவதும், விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு கீழே இறங்குவதும் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்குப் பதிலாகப் பெண்கள் படுத்திருந்தார்கள். லொறி முடக்கில் திரும்பிவிட்டது.

கதவைத் திறந்தபோது அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. கூந்தலில் செத்த குளவிகள் சிக்கியிருந்தன. மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, கிட்டே வராதே என்று கையைக் காட்டினாள். என்னைப் பார்த்ததும்,

"டீச்சர், ஒங்க அக்காவ லொறியில ஏத்திட்டாங்க. கானுக்குள்ள கெடந்தா" என்றாள்.

"பேசினாளா?"

"தெரியலீங்க டீச்சர். மூஞ்சிய சாக்கால மூடியிருந்தாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் என்னோடு த்ரீவீலரில் வந்தது. மூஞ்சியை மூடுவது எதற்கு? வெயிலுக்கா, குளவிக்கா? வேறு எதற்கும் மூடுவார்களே. ட்ரைவர் ஏதோ கேட்டான், பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

வார்டில் கட்டில் போதாமல் தரையிலும் பாய் போட்டிருந்தார்கள். எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது. வீங்கி, உதடு தடித்து, கண் இருந்த இடத்தில் ஒரு கோடு. நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசிவரை அக்காவைக் காணாமல் திரும்பினேன். அப்போதுதான் பின்னாலிருந்து குரல்.

"அடியே... என்னத் தாண்டித்தான் போற."

இரண்டு முறை அவள் கட்டிலைக் கடந்திருக்கிறேன். கூடப் பிறந்தவளை எனக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடிக்கப் போனேன், அதுவும் வீங்கியிருந்தது. ஒரு சிங்கள நர்ஸ் சின்ன இடுக்கியால் அவள் கழுத்திலிருந்து கொடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "பம்பரு" என்று தலையை ஆட்டினார். நாங்கள் எல்லாவற்றையும் குளவி என்போம். சிங்களத்தில் இந்த மலைத்தேனீக்குத் தனிப் பெயர் இருக்கிறது. "பய வென்ன எப்பா" என்றார் என்னைப் பார்த்து. பயப்படாதே என்கிறார். ஆனால் டாக்டர் வந்தபோது, பின்னேரம் வரைக்கும் மூச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள், இழுக்கிற மாதிரி இருந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் வரைக்கும் நான் அக்காவின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் தடுக்கினால் எழும்பி நிற்பேன். சீரானதும் உட்காருவேன். மச்சானுக்குப் போன் பண்ணினேன். "பஸ் ஏறிட்டேன், அவகிட்ட குடுங்க" என்றார். அக்கா பேச முடியாது என்று சொன்னால் என்ன நினைப்பாரோ என்று பயந்து, போனை அவள் மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். அவர் அந்த மூச்சைக் கேட்டார். பிறகு வைத்துவிட்டார்.

அக்கா விட்டு விட்டுப் பேசினாள்.

"மொதல்ல உஸ்ஸுனு ஒரு சத்தம்தான். மழ வருதுன்னு நெனச்சேன். நல்ல வெயிலு அடிக்குதே, மழ எப்பிடி வரும்னு அண்ணாந்து பாத்தேன்."

"பேசாத அக்கா."

"பெரியம்மாதான் மொத பாத்தாங்க. கத்தாதீங்கடி, படுங்கடின்னு கத்துனாங்க. கத்தாதன்னு சொல்றதுக்கும் கத்தத்தானே வேணும்? அவங்க மேலதான் மொதல்ல அப்புச்சு."

பெரியம்மா என்று அவள் சொன்னது அவள் கூட்டத்தில் வயதில் மூத்தவரை. சொந்தம் இல்லை. அக்காவோடு ஒரே தேயிலை நிரையில் கொழுந்து எடுப்பவர், ஒரே தேத்தண்ணிப் போத்தலில் பங்கு. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அக்கா கானுக்குள் விழுந்து படங்கை இழுத்து மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டு ஓடியவர்களைத்தான் குளவி துரத்தியது என்றாள்.

"அவங்க எங்க படுத்திருக்காங்க?"

எனக்குத் தெரியும். வார்டுக்குள் நுழையும்போதே பெரியம்மா பிழைப்பது கஷ்டம் என்று மற்றப் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். "வேற வார்டுல" என்றேன்.

பிறகு, "ஒங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கத்திக்கிட்டு இருந்துச்சே, என்னா அது?" என்று கேட்டாள். மேலே அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே கொழுந்து எடுத்தார்களாம். அமளிதுமளிக்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்று படிப்பித்தேன் என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹர்லி பர்லிக்கு அவள் வீங்கிய உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. அது சிரிப்பு.

"எல்லாம் வெளாட்டு மாதிரி இருக்கே. பயந்து ஓடுறதுக்கு வார்த்த இல்லியா?"

இருந்தது. ஹேரம் ஸ்கேரம் என்று ஒன்று. முன்பாதி துரத்தி அலைக்கழிப்பதையும் பின்பாதி பயமுறுத்துவதையும் குறிப்பதாக ஒரு கருத்து. ஆனால் இப்போது யோசனையில்லாமல் ஆடிப்பாடித் திரிகிறவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அதுவும் வெளாட்டாப் போச்சா" என்றாள்.

பொழுது சாயும் முன்னே பெரியம்மா செத்துப்போனார். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது என்றும் சிலர் சொன்னார்கள். அக்காவிடம் மச்சான்தான் சொன்னார், மறுநாள் காலையில் வந்து.

குளவிக் கூட்டில் கழுகு மோதியதால் கலைந்தது என்றார்கள் சிலர். காற்றுக்குக் கொப்பு முறிந்தது என்றார்கள் வேறு சிலர். எது எப்படியோ, சவுக்கு மரத்திலிருந்த கூட்டில் பாதி அப்படியே இருந்தது. குளவிகள் திரும்பி வந்து அதில் அப்பிக்கொண்டன. கூட்டை அகற்ற ஆள் வரும் என்றது தோட்டம். சவ அடக்கம் வரை யாரும் வரவில்லை. மயானத்துக்குப் போகும் ஒரே பாதை அந்த மரத்துக்கு அடியில்தான் போகிறது.

எங்கள் பக்கம் தப்பு அடிக்காமல் பிணத்தை எடுப்பதில்லை. பெரியம்மாவின் மகன் முற்றத்தில் நின்று அழுதார். "எங்கம்மாவ சத்தமில்லாமயா அனுப்புறது? அனாதையா அவங்க?" கடைசியில் தப்பு அடிக்கிறவரே வந்து அவர் தோளைப் பிடித்தார். "முடக்கு வரைக்கும் நல்லா அடிப்போம் தம்பி. அங்கேருந்து மெதுவாப் போயிருவோம். ஒங்கம்மா கத்தாதீங்கன்னு சொல்லித்தானே போயிருக்கா."

முடக்கு வரைக்கும் அடித்தார்கள். அப்படி ஓர் அடி. காது அடைத்துப் போனது. முடக்கில் சட்டென்று நிறுத்தினார்கள். தப்புகள் ஒன்றோடு ஒன்று இடித்துவிடாமல் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தார்கள். தூக்குகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். மரத்தின் கொப்பில் கறுப்பாக, மூச்சு விடுகிற மாதிரி அது லேசாக அசைந்தது. அதன் இரைச்சல் எங்கள் எல்லோருடைய மூச்சுக்கும் மேலே கேட்டது. ஒரு பிள்ளை தும்மிவிட்டாள். ஊர்வலம் முழுக்க அப்படியே நின்றது. பாடையைச் சுமந்தவர்களின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு அடியாக நகர்ந்தோம்.

மயானம் வந்ததும் அவர்கள் திரும்ப அடிக்கவில்லை. மகனும் கேட்கவில்லை.

ஆங்கில தினத்துக்குப் பிள்ளைகள் போனார்கள். வேறொரு சின்னப் பாட்டைப் பழக்கியிருந்தேன். பரிசு கிடைக்கவில்லை, யாரும் அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அக்காவின் முகம் வடிய நாள் பிடித்தது. முகம் வடிந்த பிறகும் பயம் வடியவில்லை. கீழ் லயத்தில் மோட்டார் சைக்கிளை முடுக்கினால் காம்பராவுக்குள் ஓடிவந்துவிடுவாள். புல் வெட்டும் மெசின் சத்தம் கேட்டால் மழைக்குத் தலையில் போடும் கொங்காணியை எடுத்து மூடிக்கொள்வாள். தேயிலை நாற்று வளர்க்கும் தவறணையில் கன்றுகளுக்குத் தண்ணி ஊற்றுகிற வேலை கேட்டுப் பார்த்தோம். இடமில்லை என்றார்கள். கூட்டை எடுத்தாகிவிட்டது என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து சொன்ன வாரத்தில் அவளும் திரும்ப மலைக்கு ஏறினாள். முதல் நாள் நானும் முடக்கில் நின்று, அவள் தலை தேயிலைக்கு மேலே தெரிகிற வரைக்கும் பார்த்தேன். எனக்குக் கை காட்டவில்லை. மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

இப்போது பகலில் கொழுந்து நிறுக்க வரும்போது எனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பாள். ஒரு தடவை அடித்து நின்றுவிடும். நான் எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு போகும் என்று திட்டுவாள். அது வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போன கிழமை ஒரு நாள் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் குரலைத் தாண்டி மலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் முடக்குக்கு ஓடினேன். கூட்டத்தோடு கூட்டமாக அக்கா இறங்கி வந்தாள். சேலை நனைந்திருந்தது.

"போன் என்னாச்சு?"

"கானுல விழுந்து தண்ணி பூந்திருச்சுடி. ஏன், அழுதியா?"

"இல்ல" என்றேன்.

ஈரத்தை இழுக்கட்டும் என்று அரிசிப் பானைக்குள் போனைப் புதைத்து வைத்தோம். அது வேலை செய்யுமா என்று நாளைக்குத்தான் தெரியும் என்றாள் அக்கா. எழும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள்.